ஏழாம் எண் குப்பி

"மேடம், இந்த மூணு எலும்புல சங்கீதம் எதுல இருக்கு?"

டாக்டர் வேதரத்தினம் அறைக்குள் நுழைந்ததும் கேட்ட கேள்வி இது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

பேராசிரியர் ருக்கையா மேசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க சார். அங்கவடி பறந்துடும்."

நிறுத்தினார்.

மேசைமேல் கறுப்பு வெல்வெட் துணி. துணிமேல் மூன்று எலும்புகள். மூன்றையும் சேர்த்து ஒரு கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்துவிடலாம்.

செவிப்பறையை ஒட்டிக்கொண்டிருப்பது சுத்தி எலும்பு. அடுத்தது பட்டடை. கடைசியில் இருப்பது அங்கவடி. குதிரை ஏறுகிறவர் கால் வைக்கிற வளையம் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு நொய்யரிசி அளவுதான். மனுஷ உடம்பில் அதைவிடச் சின்ன எலும்பு கிடையாது. வெளியிலிருந்து வருகிற சத்தத்தைச் சுத்தி வாங்கிப் பட்டடையிடம் கொடுக்கும். பட்டடை அங்கவடியிடம் கொடுக்கும். அது உள்ளே தள்ளிவிடும்.

ஆளுக்கு ஆள் இந்த மூன்றிலும் என்ன வித்தியாசம் இருக்கிறது என்று அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது ருக்கையாவின் வேலை. பதினாலு வருஷமாக அதே வேலை. ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில், மாடிப்படிக்கு அடுத்த அறை.

வேதரத்தினம் திருத்துறைப்பூண்டியில் ஜுரம், இருமல், வயிற்றுப்போக்குக்கு வைத்தியம் பார்க்கிறவர். கைராசிக்காரர் என்று பெயர். ஐம்பத்தைந்து வயதில் திடீரென்று ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ருக்கையாவுக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். குரு சிஷ்யனை சார் என்று கூப்பிடுகிற அதிசயத்தை இங்கேதான் பார்க்கலாம் என்று துறையில் எல்லாரும் சிரித்துக்கொள்வார்கள்.

'ஏன் ஐயா, ஒரு டாக்டருக்குச் சங்கீதம் எலும்பில் இல்லை என்பதுகூடவா தெரியாது?' என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் இருக்கும், மனசில் ஊறிப்போனது ஒரு பக்கம் இருக்கும். இரண்டும் சந்தித்துப் பேசிக்கொள்ள வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்த முடியும்?

ருக்கையா எலும்பைப் பிடிக்கிற சாமணத்தைக் கீழே வைத்தார்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"எனக்குப் பதிமூணு வயசுல பாட்டு கத்துக்கணும்னு ஆசை மேடம். போய்ச் சேர்ந்தேன். மூணாம் நாள் வாத்தியார் சுதிப்பெட்டியை மூடி வச்சுட்டார். 'தம்பி, உனக்கு மரக்காது. வீட்டுக்குப் போ'ன்னுட்டார்."

"நாலாம் நாள் போனீங்களா?"

"எப்படி மேடம் போறது? போன்னு சொல்லிட்டாரே."

"சரி. நாப்பத்திரண்டு வருஷம் கழிச்சு இப்ப என்ன?"

வேதரத்தினம் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"என் பொண்ணு மரகதம். பதினஞ்சு வயசு. அவ பாட்டு டீச்சரும் அதையேதான் சொல்றாங்க. சுதி நிக்கலையாம். இவ விடமாட்டேங்குறா. மன்னார்குடியில வேற ஒரு டீச்சர் இருக்காங்க, விஜயதசமிக்கு அவங்ககிட்டச் சேத்துவிடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்குறா. 'அப்பா வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன், அப்புறம் வாயே திறக்க மாட்டேன்'னும் சொல்றா. நான் ஒரு பதில் சொல்லணும்."

"சொல்லுங்க."

"பிறவியிலேயே எலும்பு அப்படித்தான்னா, அவளை எதுக்கு அலையவிடணும்? நான் பட்ட அவமானத்தை அவ எதுக்குப் படணும்?"

ருக்கையா எழுந்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்து வைத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு நடுவே பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி ஒரு பெரிய வித்வான் உடம்பைத் தானமாக் கொடுத்தார். பேப்பர்ல பாத்திருப்பீங்க."

"பாத்தேன். கச்சேரிகூடக் கேட்டிருக்கேன்." அவர் குரல் தழைந்துவிட்டது.

"இதுல பன்னிரண்டு பேரோட காதெலும்பு இருக்கு. ஒருத்தர் அவர்."

"எது மேடம்?"

"அதை நீங்க சொல்லுங்க."

"நீங்களே சொல்லிட்டா எனக்கு மூணு மாசம் மிச்சம்."

"சொல்ல மாட்டேன்," என்றார் ருக்கையா.

*

புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஒரு மணிக்கெல்லாம் கிளினிக்கை மூடிவிடுவார். இரண்டரை மணி நேர பஸ். வந்ததும் முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. ஆனி மாத வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும்.

சுத்தியின் தலை, சுத்தியின் காம்பு, பட்டடையின் இரண்டு கால்கள், அங்கவடியின் வளையம், வளையத்தின் அடித்தட்டு. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை. நோட்டுப் புத்தகத்தில் மணிமணியாக எழுதினார். மருந்துச் சீட்டு எழுதுகிற கையா இது என்று ருக்கையாவே ஆச்சரியப்பட்டார்.

நாலாம் எண்ணை முதல் நாளே ஒதுக்கிவிட்டார். பட்டடையின் நீளக்கால் கோணலாக இருந்தது. அங்கவடியின் வளையம் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு.

"இதுல ஒரு ஸ்வரம்கூட ஒழுங்கா நுழைஞ்சிருக்காது மேடம்," என்றார்.

ருக்கையா அந்தக் குப்பியை வாங்கி மூடிப் பெட்டியில் வைத்தார்.

ஒரு சனிக்கிழமை வேதரத்தினத்துக்குத் தும்மல் வந்துவிட்டது. மூக்கைப் பிடித்தார், உதட்டைக் கடித்தார், என்னென்னவோ செய்தார். நிற்கவில்லை. போட்டார் ஒரு தும்மல்! வெல்வெட் துணிமேல் இருந்த அங்கவடியைக் காணோம்.

"எந்தக் குப்பி?" என்றார் ருக்கையா.

"நல்லவேளை, நாலுதான். போனா போகட்டும் மேடம்."

ருக்கையாவின் முகம் மாறியது. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரல் ஏறவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் வேதரத்தினம் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"எது போனா போகட்டும்?"

"இல்ல மேடம்..."

"அந்த எலும்புக்காரர் ஒரு வாழ்க்கை வாழ்ந்துட்டு வந்து இங்க படுத்திருக்கார். குனிங்க."

குனிந்தார். இருவரும் நாலு காலில் தவழ்ந்தார்கள். தரையை ஓடு ஓடாகத் தேடினார்கள். நாற்காலிக் காலுக்கடியில், ஜன்னல் விளிம்பில், குப்பைக் கூடையில். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ருக்கையா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தூரிகை நுனியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அசையாதீங்க சார்."

அங்கவடி அவர் மீசையில் இருந்தது.

*

ஏழாம் எண்ணை அவர் ஆடி மாதக் கடைசியில் திறந்தார். திறந்ததுமே நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

மற்ற பதினொன்றும் கொஞ்சம் பழுப்பு. இது வெள்ளை வெளேரென்று இருந்தது. சுத்தியின் தலையில் ஒரு கீறல் இல்லை. பட்டடையின் கால் நேராக, வழவழவென்று இறங்கியது. சுத்தியும் பட்டடையும் பொருந்துகிற இடத்தில் தேய்மானம் என்பது எள்ளளவும் இல்லை. அங்கவடியின் வளையத்தைப் பார்த்தவர் கண்ணெடுக்க மறந்துபோனார்.

"மேடம், வந்து பாருங்களேன்!"

ருக்கையா வந்து நுண்ணோக்கியில் பார்த்தார்.

"ம்."

"எழுபது வருஷம் சுத்தமான சுதியை மட்டுமே கேட்டிருக்கணும் மேடம். கெட்ட சத்தம் எதையும் இது உள்ளேயே விட்டிருக்காது."

"அப்படியா?"

"இல்லையா?"

"நீங்கதானே பாக்குறீங்க," என்று சொல்லிவிட்டு அவர் தன் மேசைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வேதரத்தினம் வேறு குப்பியைத் திறக்கவே இல்லை. திறந்தாலும் ஒப்புக்குத்தான். அந்த அறைக்குள் வரும்போது செருப்பை வெளியே விட ஆரம்பித்தார். ஏழாம் குப்பியைப் பெட்டியில் வைக்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்கிறாரோ என்று துறையில் ஒரு பேச்சு. ருக்கையா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். சோறு போட்டுக்கொண்டே மனைவி செண்பகம் கேட்பார்.

"இன்னிக்காவது முடிவு தெரிஞ்சுதாங்க?"

"நெருங்கிட்டேன்."

மரகதத்துக்கு ஒரே சிரிப்பு. "குப்பிக்குள்ள இருக்கிறவர் என்னப்பா சொல்றார்? எனக்குப் பாட்டு வருமாமா?"

"சொல்வார், இரு."

சிரித்தாலும் அவள் பயந்துகொண்டுதான் இருந்தாள். இவருக்கும் அது தெரியும். மாடியில் துணி காயப்போடும்போது பாடிக்கொண்டே இருப்பாள். கீழே நாற்காலியில் இவர் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஏறும்போது நன்றாக ஏறுவாள். உச்சிக்குப் போய் நிற்கும்போது ஒரு துளி இறங்கிவிடும். இவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தூளியை ஆட்டுவது இவர்தான். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். தாலாட்டு செண்பகத்தின் பாடு. செண்பகம் அடுப்படியில் இருந்தால் குழந்தை தாலாட்டு இல்லாமலே தூங்கும். இப்போது அதை நினைத்தாலும் அவருக்கு மனசு கனத்துப்போகும்.

*

ஆவணியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

நியாயமாகப் பார்த்தால் உதித்திருக்கக் கூடாது. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வரக்கூடிய பைத்தியம் அது. சாதாரண அப்பாவாக இருந்தால் பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்பார், இல்லாவிட்டால் டீச்சரிடம் போய்ப் பேசுவார். வேதரத்தினம் பீரோவைக் குடைந்தார்.

போன வருஷம் மரகதம் சைக்கிளிலிருந்து விழுந்து காதில் ரத்தம் வந்தது. பயந்துபோய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, மேல்தோல் கிழிந்த காயம்தான். ஆனால் படங்கள் பத்திரமாக இருந்தன. சுத்தி, பட்டடை, அங்கவடி, மூன்றும் படத்தில் பளிச்சென்று தெரிந்தன.

பெற்ற பெண்ணின் காதெலும்பையும் ஏழாம் எண் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட உட்கார்ந்தார்.

மூன்று வாரம் அளந்தார். திரும்பத் திரும்ப அளந்தார். ஒவ்வொரு தடவையும் கணக்கு ஒரே மாதிரிதான் வந்தது. சுத்தியின் காம்பில் அரை மில்லிமீட்டர் குறைச்சல். பட்டடையின் காலிலும் குறைச்சல்.

விஜயதசமிக்கு முதல் நாள், சனிக்கிழமை இல்லை, புதன்கிழமையும் இல்லை, ஆயுத பூஜை விடுமுறை. ருக்கையா விடுமுறையிலும் வருவார் என்று தெரியும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றார். ராத்திரி தூங்காத முகம்.

"தெரிஞ்சுபோச்சு மேடம்."

ருக்கையா ஏறிட்டுப் பார்த்தார்.

"வித்வானோடது ஏழு. என் பொண்ணுக்கு அது இல்ல. அரை மில்லிமீட்டர் பத்தாது."

ஸ்கேன் படத்தையும் நோட்டையும் மேசைமேல் வைத்தார். ருக்கையா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் இருந்த பெயரைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"உங்க பொண்ணு பேரா சார் இது?"

"ஆமா மேடம்."

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பாவம் மேடம் அவ. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என் எலும்புதானே அவளுக்கும் வந்திருக்கும்? நான் கொடுத்ததுதானே?"

ருக்கையா படத்தை உறைக்குள் போட்டார். எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அலமாரியின் கீழ்த்தட்டு மூன்று மாதமாகப் பூட்டியே இருந்தது. அதைத் திறந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். பக்கத்தைப் புரட்டி, ஏழாம் எண்ணுக்கு நேராக விரலை வைத்தார்.

"படிங்க."

பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

வயது என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: பதினோரு மணி நேரம்.

வேதரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கட்டம் மாறிப் படிக்கிறோமோ என்று விரலை நகர்த்திப் பார்த்தார். மாறவில்லை.

"பொறந்த குழந்தையா?"

"அப்பா அம்மா ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. அந்த அம்மா தன் கையாலயே தூக்கிக் கொடுத்தாங்க."

இந்த மூன்று எலும்பும் தாய் வயிற்றிலேயே முழு அளவுக்கு வளர்ந்துவிடும். பிறந்த பிறகு வளர்வதில்லை. முதலாண்டுப் பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி இது. வேதரத்தினம் பதில் எழுதி இரண்டையும் முழுசாக வாங்கியவர்.

"கீறல் இல்ல, தேய்மானம் இல்லன்னு பக்கம் பக்கமா எழுதினேனே மேடம்."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. தேயறதுக்கு நேரம் இல்ல."

அவர் குப்பியைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். ஒரு பாட்டும் கேட்காமல் போன குழந்தையைக் கொண்டுவந்து வித்வானாக்கி, அந்தக் குழந்தைக்கு எதிரே தன் குழந்தையைத் தோற்கடிக்க உட்கார்ந்திருந்தோமே என்று நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

பதிவேட்டில் இன்னும் பதினொரு வரி இருந்தது. அவர் கண் மேலே போனது. ருக்கையா உள்ளங்கையை விரித்து மற்ற வரிகளை மறைத்தார்.

"அவரோடது எதுன்னு இன்னும் தெரியணுமா?"

வேதரத்தினம் தலையை ஆட்டினார். வேண்டாம்.

பதிவேடு மூடப்பட்டது. அலமாரியும் பூட்டப்பட்டது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மனுஷன் ஒரு பிடி நழுவினால் இன்னொரு பிடியைத் தேடுகிற ஜாதி. வேதரத்தினமும் தேடினார்.

"சரி மேடம். எலும்பை விடுங்க. நான் முட்டாள், ஒத்துக்குறேன். அதுக்காக அவளுக்குச் சுதி நிக்கலங்குறது பொய்யாயிடுமா? நிஜமாவே நிக்கல. மேல் சட்ஜமத்துல இறங்குறா."

"டீச்சர் சொன்னாங்களா?"

"டீச்சர் எந்த இடம்னு சொல்லல. நானே கேட்டேன். நேத்துகூட மாடியில பாடினா. ஒரு நூல் இறங்குச்சு."

"ஒரு நூலா?"

"ஒரு நூல்தான். சரியாச் சொன்னா அதுல பாதி. மத்தவங்களுக்குத் தெரியவே தெரியாது. செண்பகம் நல்லாப் பாடுவா, அவளுக்குக்கூடத் தெரியல. 'நல்லாத்தானே பாடுறா'ங்குறா. எனக்குத்தான் மேடம் சுருக்குன்னு குத்தும். ஒவ்வொரு தடவையும் குத்தும். அவ அந்த இடத்துக்கு வரும்போதே எனக்குத் தெரிஞ்சுடும், இப்ப இறங்கப் போறான்னு..."

பேச்சு அங்கேயே நின்றுபோனது. அவர் கை தானாகப் போய்த் தன் காதைத் தொட்டது.

ருக்கையா ஏழாம் குப்பியின் மூடியை இறுக்கினார். பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்தார். மேலே பஞ்சைப் பரப்பினார். பெட்டியை மூடினார். எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.

மேசைமேல் இருந்த நோட்டின் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. வேதரத்தினம் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. ருக்கையா ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. சட்டைப்பையில் கைபேசி அடித்தது.

மரகதம்.

"அப்பா, அம்மா கடைக்குக் கிளம்புறாங்க. நாளைக்குப் புது டீச்சருக்குத் தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பூ எல்லாம் வச்சுக் கொடுக்கணுமாம். பாட்டுல சேர்றவங்க ஆளுக்கு ஒரு தட்டு. வாங்கலாமா வேண்டாமான்னு கேக்குறாங்க." குரல் சாதாரணமாக இருக்கவேண்டும் என்று அவள் பாடுபடுவது தெரிந்தது. "வேண்டாம்னா பரவால்லப்பா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"வாங்கச் சொல்லு."

அவர் கைபேசியை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மரகதம்?"

"நிஜமாவாப்பா?"

"நிஜமாத்தான். ரெண்டு தட்டுக்கு வாங்கச் சொல்லு."

"ரெண்டா? இன்னொரு தட்டு யாருக்குப்பா?"

"எனக்கு," என்றார் வேதரத்தினம்.